கடைச் சரக்கும் காட்டுயிரும்

வெப்பமண்டலக் காடுகளில் வாழும் உயிர்களின் பன்மை மனிதர் செயலால் எவ்வாறு குறைகின்றது என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயப் புகும் பொருள். காட்டைப் பற்றிய பாடத்தைக் காட்டிலிருந்தே தொடங்குவது முறையெனச் சிலர் கருதலாம். நாமோ தில்லி மாநகரின் தென்பகுதியிலுள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து தொடங்குகிறோம். பிழைப்பின் பொருட்டுத் தில்லியிற் குடியேறிய தமிழரும் மலையாளிகளும் தம் ஊர்ச் சரக்கைத் தேடி வருமிடம் அது. அயல்நாட்டுத் தூதரகத்தாரும் அங்கு வருவர். மீனும் இறைச்சியும் காய்கறியும் மளிகையும் நெருக்கமான சந்துகளில் அடுத்தடுத்து விற்கப்படும். அங்குள்ள மளிகைக் கடைகளை நோக்குங்கள். ஏலம், மிளகு, கிராம்பு, காப்பிக்கொட்டை, தேயிலை, பாமாயில் கலந்த பிஸ்கட்டு, பாமாயிலிற் செய்த சோப்பு ஆகியன அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கு மூலமான பயிர்களுள் ஒன்றேனும் தில்லி மண்ணில் விளைவதன்று. தில்லிக்கு உரியது வறண்ட முட்காடு. அதுவும் இன்று பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலத்தால் மூடப்பட்டுள்ளது. இராமநாதபுரத்து அன்பர் ஒருவர் அதைக் கண்டால், சொந்த ஊர்க் கண்மாய்க் கரைக்கே வந்துவிட்டோமோ என மயங்குவார். கடையில் உள்ள சரக்கோ மழைக்காடு நின்ற நிலங்களிலிருந்து வந்தது. அந்நிலங்களில் என்ன நடந்தது, யாரால் நடந்தது என்பனவே நம் கேள்விகள்.

இக்கடைவீதியின் பெயரே நமக்கு முதற்பாடம் ஆகின்றது. ஐ.என்.ஏ. என்பது இந்திய தேசிய இராணுவத்தைக் குறிக்கும். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் அப்படையின் தலைமையை ஏற்றபோது, அதில் திரண்ட பொதுமக்களுள் மிகப் பலர் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர். ஜான்சிராணிப் படையிலும் தோட்டத்துத் தமிழ்ப்பெண்கள் பலர் இருந்தனர். அத்தோட்டங்கள் தோன்றிய வகை யாது? 1876-இல் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து இரப்பர் விதைகள் இலண்டனிலுள்ள கியூ தோட்டத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டன. அவற்றின் கன்றுகள் சில மறு ஆண்டே சிங்கப்பூர் வந்தடைந்தன. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகி, சக்கரங்களுக்கு இரப்பர் வேண்டப்பட்டபோது, மலேயாவின் மேற்குப் பகுதியில் தாழ்நிலக் காடு மைல் கணக்கில் வெட்டி எரிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஒரே மரம் வரிசை வரிசையாக நடப்பட்டது. அவ்வரிசைகளைப் பேணியதிலும் பால் எடுத்ததிலும் பெரும்பங்கு தமிழ்க் கைகளுடையது. கங்காணியின் பின்னே கப்பலேறியவர்களுள் நிலமற்றோரும், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோரும் மிகுதி. ஆதலின், அன்பர்களே, இஃது அயலார் கதை அன்று.

வெட்டப்பட்ட அக்காடு எத்தகையது என்பதை அறியாமல் இழப்பை அளக்க இயலாது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பாசோ என்னும் காடு ஒன்று எஞ்சியுள்ளது. அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை எல்லை வகுத்து, விரற்பருமனுள்ள இளங்கன்று முதல் வானளாவிய பெருமரம் வரை ஒவ்வொன்றையும் எண்ணிப் பெயர் எழுதினர். 800-க்கு மேற்பட்ட மர இனங்கள் அச்சிறு நிலத்தில் இருந்தன. எண்ணிக்கையைக் கேட்டு வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. இத்தனை இனங்கள் ஓரிடத்தில் நெருங்கி வாழுமாயின், அவற்றுட் பல மிகச் சிலவாகவே இருக்கும் என்பது கணக்கு. ஒரு மரத்துக்கு அதன் இனத்து அடுத்த மரம் வெகுதொலைவில் நிற்கும். ஆகவே பூந்தாதை அங்கிருந்து இங்கும், விதையை இங்கிருந்து அங்கும் கொண்டு செல்ல ஒரு பூச்சியோ பறவையோ வௌவாலோ வேண்டும். தேக்குத் தோப்பில் நூறு மரத்தை வெட்டினால் நூறு தேக்குக் குறையும். மழைக்காட்டில் நூறு மரத்தை வெட்டினால் சில இனங்கள் அவ்விடத்தை விட்டே நீங்கிவிடும். அவற்றை நம்பிய பூச்சியும் பறவையும் உடன் நீங்கும்.

ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்பதை நம் படிப்புக் கூட்டங்களிற் பலகாலும் கேட்டிருக்கிறோம். காட்டில் அதைக் கண்ணாற் காணலாம். ஆல், அத்தி, அரசு ஆகிய மரங்கள் ஒரே குடும்பத்தன. இம்மரங்களின் பூக்கள் காய்போல் தோன்றும் உறைக்குள் மறைந்திருப்பவை. அவ்வுறைக்குள் நுழைந்து பூந்தாது சேர்க்க, ஒவ்வோர் இனத்துக்கும் பெரும்பாலும் தனக்கே உரிய ஒரு சிறு குளவி உண்டு. அக்குளவி முட்டையிடவும் வளரவும் அவ்வுறையையன்றி வேறிடம் இல்லை. காட்டில் பிற பழங்கள் இல்லாத மாதங்களிலும் அத்திவகை மரங்களுள் ஏதேனும் ஒன்று பழுத்திருக்கும். குரங்கும் இருவாச்சியும் பழந்தின்னும் வௌவாலும் அக்காலத்தை அதனாற் கடத்தும். இருவாச்சியோ பெருமரத்தின் பொந்திற் கூடு கட்டுவது. பெட்டை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, சேவல் சிறு பிளவின் வழியே வாரக்கணக்கில் இரை ஊட்டும். அச்சேவலை ஒருவன் சுட்டு வீழ்த்தினால் அடைபட்ட குடும்பமும் பெரும்பாலும் அழியும். பொந்துள்ள முதுமரத்தை மட்டும் தேர்ந்து வெட்டினால், காடு பசுமையாகவே நிற்கும். ஆயின் இருவாச்சிக்குக் கூடில்லை. இருவாச்சி நீங்கியபின், அது விழுங்கித் தொலைவிற் போட்டுவந்த பெருவிதைகள் தாய்மரத்தடியிலேயே வீழ்ந்து மடியும். பசுமை இருப்பதால் காடு இருக்கிறது என்று கூறுவோர் இதனை நினைவிற் கொள்க.

இவ்வளவு நுண்ணிய ஏற்பாட்டை மனிதர் ஒற்றைப் பயிராக மாற்றும்போது பயிருக்கும் கேடு வருவதுண்டு. இலங்கையின் மலைநாடே இதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குள்ள மலைக்காடுகளைக் கொளுத்திக் காப்பி நட்டனர். உழைத்தவர் தமிழகத்திலிருந்து கால்நடையாகவும் தோணியிலும் சென்ற நம்மவர். 1869-இல் இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் தோன்றியது. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே செடி நின்றமையால், நோய்க்குத் தடை இல்லாது போயிற்று. சில பத்தாண்டுகளில் காப்பித் தொழில் வீழ்ந்தது. அந்நிலத்திற்குக் காடு திரும்பவில்லை, தேயிலை வந்தது. இலங்கைக்கே உரிய தவளை இனங்களுள் பதினைந்துக்கும் மேற்பட்டவை முற்றும் அற்றுப்போயின என்று உயிரியலார் கணித்துள்ளனர். பழைய அருங்காட்சியகப் புட்டிகளில் மட்டும் காணப்படும் அவற்றுக்குத் தமிழ்ப் பெயரும் இல்லை.

இனி எண்ணெய்க்கு வருவோம். கடைச் சரக்குகளுள் மிகுதியாகப் பரவியும், பெயர் மறைந்தும் நிற்பது இதுவே. எண்ணெய்ப்பனை மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுப்புறத்துக்கு உரியது. மலேயாவில் வாணிபத்துக்கென அது முதன்முதல் நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில். நெடுங்காலம் அங்கே அதன் காய்ப்பு குறைவாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளர் குலைகுலையாகச் சென்று கையாற் பூந்தாதைத் தூவ வேண்டியிருந்தது. மரத்தைக் கொண்டுவந்தவர்கள், ஆப்பிரிக்காவில் அதற்குத் துணைநின்ற உயிரைக் கொண்டுவரவில்லை என்பதே இதன் காரணம். 1981-இல் காமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு கொண்டுவந்து விடப்பட்டது. அதன்பின் கையால் தூவும் வேலையே இல்லாது போயிற்று, காய்ப்பும் உயர்ந்தது. பெருந்தோட்டத்தின் ஆள்படை செய்த வேலையை நெல்மணியினும் சிறிய ஒரு வண்டு கூலியின்றிச் செய்தது. காட்டிலுள்ள பெயர் தெரியாத பூச்சியினால் என்ன பயன் என்று கேட்போர்க்கு இதனினும் சிறந்த விடை நமக்குத் தெரியவில்லை. ஆயின் இப்பாடத்தைக் கற்றவர்கள் செய்தது, வண்டு பெருக்கிக் கொடுத்த வருவாயைக் கொண்டு மேலும் காட்டை அழித்ததே. 1990-க்கும் 2005-க்கும் இடையில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் புதிதாக எழுந்த பனைத்தோட்டங்களிற் பாதிக்கு மேற்பட்டவை காட்டு நிலத்தில் எழுந்தவை. காட்டில் உள்ள விலங்கினங்களில் பனைத்தோட்டத்திலும் காணப்படுபவை நூற்றுக்குச் சராசரி 15 மட்டுமே என 2008-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறுகின்றது.

அவ்வெண்ணெயை உலகிலேயே மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2007 முதல் மலிவு விலையில் வழங்கப்படும் பாமாயிலும் அதுவே. இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குடும்ப அட்டையைக் கையிற் பிடித்து வரிசையில் நிற்கும் தாயிடம், ‘இவ்வெண்ணெயை வாங்காதே, போர்னியோக் காட்டில் ஒராங்குட்டான் அழிகிறது’ என்று உபதேசிப்பது அறமாகாது. மேலும், ஓர் ஏக்கரில் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெய் கடலையும் சோயாவும் தருவதைப்போற் பன்மடங்கு. ஆதலின் அதை ஒழித்து வேறு எண்ணெயை நாடினால் இன்னும் மிகுதியான நிலம் வேண்டப்படலாம். பனை தீது என்பதன்று நம் கருத்து. முன்பே திருத்தப்பட்ட நிலத்தில் நடுவதா, நின்ற காட்டை வெட்டி நடுவதா என்பதே வினா. அதை முடிவு செய்பவர் வாங்குவோரும் அல்லர், பறிப்போரும் அல்லர்.

இந்திய அரசு 2021-இல் 11,040 கோடி ரூபாய்ச் செலவில் எண்ணெய்ப்பனை வளர்ப்புத் திட்டமொன்றை ஏற்றது. வடகிழக்கு மாநிலங்களும் அந்தமான் தீவுகளும் அதன் சிறப்பு நோக்கிடங்கள். மிசோரத்தில் மலைமக்கள் காட்டின் ஒரு பகுதியை வெட்டிப் பயிரிட்டு, பின் பல்லாண்டு தரிசாக விட்டு, வேறிடம் செல்லும் சூம் வேளாண்மையைக் காட்டழிவுக்குக் காரணமென்று பலர் பழித்துவந்தனர். அதற்கு மாற்றாகப் பனையும் தேக்கும் முன்வைக்கப்பட்டன. ஆயின் தாம்பா புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதியிற் பறவைகளை எண்ணி ஆராய்ந்தோர் 2016-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. சூம் நிலத்தின் தரிசுகளில் மூங்கிலும் இளமரமும் வளர்ந்து காட்டுப் பறவைகள் திரும்பிவந்திருந்தன. பனைத்தோட்டத்திலோ அவை மிகக் குறைவு. ஏழையின் அரிவாள் கண்ணுக்குத் தெரிகிறது; திட்டத்தின் அரிவாள் காகிதத்தில் இருப்பதாற் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஏலத்தின் கதை இவ்வளவு கொடியதன்று. ஏலம் மழைக்காட்டின் நிழலிலேயே தோன்றிய செடி, வெயிலிற் கருகும். எனவே கேரளத்து ஏலமலையிலும் நம் போடி, கம்பம் பகுதிகளுக்கு மேலுள்ள மலைகளிலும் ஏலத்தோட்டம் அமைத்தவர்கள் பெருமரங்களை விட்டுவைத்தனர். தொலைவிலிருந்து பார்ப்போர் அதைக் காடென்றே எண்ணுவர். அருகிற் சென்றாற்றான் குறை தெரியும். ஏலச்செடிக்கு இடம் வேண்டி அடிக்காட்டை ஆண்டுதோறும் செதுக்கிவிடுவதால், மேலே நிற்கும் மரங்களுக்கு வாரிசு இல்லை. முதியோர் மட்டும் வாழ்ந்து குழந்தைகளே இல்லாத ஊரைப் போன்றது அத்தோட்டம். பிற்காலத்தில் விளைச்சல் மிகுந்த வகைகள் பரவியதும் நிழல் குறைக்கப்பட்டது. பூச்சிமருந்து தெளிப்பதும் பெருகியது. ஏலப்பூ காயாவது தேனீயால். மருந்தோ தேனீயையும் கொல்லும். காப்பித் தோட்டங்களிலும் இதைப் போன்ற மாற்றம் உண்டு. குடகிலும் பிற மலைகளிலும் பலா, அத்தி முதலிய நாட்டு மரங்களின் நிழலில் வளர்ந்த காப்பிக்கு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்தை நிழலாக்கினர். அது விரைந்து வளரும், மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகும், வெட்டி விற்க எளிது. பழந்தின்னும் பறவைக்கு அதில் ஒன்றுமில்லை. ஆயினும், நாட்டு மரங்களை வைத்துள்ள பழைய ஏல, காப்பித் தோட்டங்கள் தேயிலைத் தோட்டத்தைவிட எத்தனையோ மடங்கு உயிர்கட்கு இடம் தருகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரே கடையில் ஒரே விலைக்கு விற்கும் இரு பொட்டலங்களுள் ஒன்று மரநிழலிலும் மற்றொன்று வெட்டவெளியிலும் விளைந்திருக்கக்கூடும். பொட்டலத்தின் மேல் அது எழுதப்படுவதில்லை.

தேயிலைக்கு நிழற்காடு வேண்டா. கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைமலையில் வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 1890-களிலிருந்து அங்கே மழைக்காடு வெட்டப்பட்டுத் தேயிலையும் காப்பியும் நடப்பட்டன. முழுதும் வெட்டப்படவில்லை, தேயிலைக் கடலினிடையே தீவுகள்போற் காட்டுத் துண்டுகள் எஞ்சின. துண்டான காட்டிற்கு ஒரு நோய் உண்டு. அதன் ஓரங்களில் வெயிலும் காற்றும் புகுந்து, ஈரம் விரும்பும் மரங்களை வாட்டும். உண்ணிச்செடி முதலிய அயற்செடிகள் ஏறும். மரத்திலேயே வாழும் சிங்கவால் குரங்கு அடுத்த துண்டுக்குச் செல்லத் தரையிறங்கிச் சாலையைக் கடக்க வேண்டும். வண்டியில் அடிபட்டு இறந்தவை பல. புதுத்தோட்டம் பகுதியில் மரத்துக்கு மரம் கயிற்றுப்பாலம் கட்டியிருப்பது இதன்பொருட்டே. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் அமைப்பினர், தோட்ட நிறுவனங்களின் இசைவோடு, சிதைந்த துண்டுகளில் அயற்செடிகளைக் களைந்து, நாட்டு மரக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டுவருகின்றனர். வெட்ட ஒரு கோடை போதும். மீட்க ஒரு தலைமுறை ஆகும் என்பதை அங்குச் சென்று காணலாம். வெட்டும் முன்பே தடுக்கப்பட்டதற்கும் நம் பக்கத்தில் எடுத்துக்காட்டு உண்டு: பாலக்காட்டை அடுத்த அமைதிப் பள்ளத்தாக்கில் அணைகட்டும் திட்டம் மக்கள் எதிர்ப்பால் 1983-இற் கைவிடப்பட்டு, 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு கேள்வி எழுகின்றது. காட்டை வெட்டிய கையும் தேயிலை பறித்த கையும் நம்மவருடையது என்றோம். அவ்வாறாயின் குற்றமும் நம்மவருடையதோ? செயலை அதன் பின்னுள்ள எண்ணத்தைக் கொண்டு அளக்கும் நெறியில் வந்த நாம், இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். மாஞ்சோலையின் வரலாற்றைப் பார்ப்போம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் மணிமுத்தாற்றுக்கு மேலே, சிங்கம்பட்டி சமீனுக்கு உரிய மழைக்காட்டில் 8,000-க்கு மேற்பட்ட ஏக்கரை 1929-இல் பம்பாய் பர்மா வாணிபக் கழகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தோட்டங்கள் எழுந்தன. சமவெளியிலிருந்து ஏறிச்சென்ற கூலிகளுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். எதை வெட்டுவது, எதை நடுவது என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தும், நிற்கும் வீடு அவர்களுடையதன்று, தோட்டத்தினுடையது. 1999 சூலை 23-இல், கூலி உயர்வும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றபோது, காவலர் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்கியவர்களுள் குழந்தை உட்பட 17 பேர் இறந்தனர். இதற்கிடையே, அம்மலை 1988-இல் அமைந்த களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துள் அடங்கியது. 2018-இல் அரசு அந்நிலத்தைக் காப்புக்காடென அறிவித்தது. குத்தகை முடியும் ஆண்டாகிய 2028-க்கு முன்பே, 2024-இல், எஞ்சியிருந்த தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு என்னும் பெயரால் விடை கொடுக்கப்பட்டது. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகம் ஏற்று நடத்த வேண்டுமென்று தொடுக்கப்பட்ட வழக்கை அவ்வாண்டு டிசம்பரிற் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. தொழிலாளரின் மறுவாழ்வுக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது.

காடு திரும்ப வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. காக்காச்சியை அடுத்து எஞ்சிய காடு சிங்கவால் குரங்கின் முதன்மையான உறைவிடங்களுள் ஒன்று. அங்கே மரவுச்சியில் ஏறியிருந்து, எம்மரத்தின் பூவுக்கு எப்பூச்சி வருகின்றது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தோர் உளர். அக்காட்டினூடே உள்ள தேயிலை நிலம் மீண்டும் காடாகுமாயின் அது பெரும்பேறு. ஆயின் வெட்டுவித்தவர் ஈட்டியது ஈட்டிச் சென்றுவிட, வெட்டும்படி ஏவப்பட்டோர் மட்டும் காட்டின் பகைவர்போல் இறக்கிவிடப்படுவது நடுவுநிலை ஆகாது. காட்டுயிருக்கும் இதனால் நன்மை இல்லை. கவாத்து நின்ற தேயிலை காடாகிவிடாது. அதுவே மரமாக உயர்ந்து அடர்ந்து நிற்கும். சில்வர் ஓக்கும் உண்ணிச்செடியும் தாமே விலகமாட்டா. வால்பாறையிற் செய்ததுபோல் அயற்செடியைக் களையவும், விதை பொறுக்கவும், நாற்று விடவும், கன்றைப் பல ஆண்டு காக்கவும் ஆள் வேண்டும். எந்தச் சரிவில் ஊற்று உண்டு, எம்மரம் எம்மாதம் பழுக்கும், யானை எவ்வழி இறங்கும் என்பன அம்மலையிற் பிறந்தோர் அறிந்தவை. மறுவாழ்வு என்று நீதிமன்றம் சொன்ன சொல்லுக்குள், அந்த வேலையும் அதற்குரிய கூலியும் அடங்குமாறு கேட்பது முறையான கோரிக்கையே. திருநெல்வேலி வட்டாரத்து அன்பர்கள் இதனைத் தம் கூட்டத்தில் எடுத்துப் பேசி, மலையிலிருந்து இறங்கிய குடும்பங்களையும் அழைத்து அவர்கள் கருத்தைக் கேட்பது நலம்.